எரிந்த கல்

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனத்துக்குள், கூட்டுகிற தும்புத்தடியோடு ரெயின் ஏறுகிற ஒரே ஆள் பேர்பெச்சுவாதான். மன்னாரில் பிறந்தவள், இருபத்திரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. ஆனால் அந்தத் தடி வேலைக்கானது இல்லை. சனிக்கிழமைகளில் பக்கத்து நகரத்து ஐஸ் மண்டபத்தில் கேர்லிங் விளையாடுவதற்கு அது. இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று அவளுடைய கணவர் யோசேப்பும் அதே ரெயினில்தான் வந்தார். ஆனால் இரண்டு இருக்கை தள்ளி, இவள் யாரோ தான் யாரோ என்று யன்னலைப் பார்த்தபடி இருந்தார். மனுசனுக்கு அவ்வளவு வெட்கம்.

"கிழமை முழுக்கக் காசுக்குக் கூட்டிறீர். சனிக்கிழமை காசு கட்டிக் கூட்டிறீர். சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

மூன்று வருடமாக வீட்டில் அவருடைய பல்லவி இதுதான்.

அவளை இதற்குள் இழுத்துவிட்டது கூட வேலை செய்யும் தாதி ஹைகே. நாலு பேர் அணியில் ஒரு ஆள் குறைகிறது, ஒரு நாளைக்கு வா என்றாள். போனால், இருபது கிலோ கல்லை ஒருவர் ஐஸில் தள்ளிவிட, அதற்கு முன்னால் இரண்டு பேர் ஐஸைத் தேய்த்துக்கொண்டு ஓட வேண்டுமாம். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகுமாம். ஓடுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்தவும் வேண்டும். பேர்பெச்சுவாவின் குரல் பற்றிக் கீழ் வீட்டுக்காரர் இரண்டு தரம் கடிதம் போட்டிருக்கிறார். இங்கேயோ ஹைகே, "இன்னும் பலமாக!" என்கிறாள். கடவுளே, கத்தச் சொல்லி ஒரு விளையாட்டோ! அன்றைக்கே அந்த விளையாட்டில் மயங்கி விழுந்துவிட்டாள்.

சொற்களும் அவளுக்குப் பிடித்துப்போயின. எட்டத்தில் வரைந்திருக்கும் வட்டம் 'வீடு'. அதன் நடு 'பொத்தான்'. கடைசிக் கல்லை விடுகிற உரிமை 'சுத்தியல்'. கறிச்சட்டியில் கடைசி மீன் துண்டை எடுக்கும்போதுகூட, "சுத்தியல் என்னட்ட" என்பாள். யோசேப்பு முறைப்பார். ஓடுகிற கல்லில் தடி பட்டுவிட்டால் அது 'எரிந்த கல்' என்று கேட்டபோது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐஸில் எரிகிறதாம்! ஹைகே சிரிக்கவில்லை. "இங்கே விசில் ஊத ஆள் இல்லை. தொட்டவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்" என்றாள்.

மூன்று வருடத்தில் அவர்கள் ஒரு ஆட்டமும் வென்றதில்லை. போன கிழமை யோசேப்பு ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "கடைசி ஆட்டத்துக்கு நானும் வாறன். வெண்டால் இனி வாயே திறக்கமாட்டன். தோத்தால் நிப்பாட்ட வேணும். சரியோ?"

"ஓம். மாதாவாணை நிப்பாட்டுறன்" என்றாள், வந்த கோபத்தில்.

எதிரணித் தலைவர் டீற்றர், ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர், பதினைந்து வருடமாக ஆடுகிறவர். அப்படிப்பட்டவரோடு ஏழு சுற்று முடிய ஆட்டம் சமநிலை! எட்டாவது, கடைசிச் சுற்றில் சுத்தியல் ஹைகேயிடம். பொத்தானுக்குப் பக்கத்தில் டீற்றரின் கல் குந்திக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கிட்டப் போய் நின்றால் வெற்றி.

ஹைகே கல்லை விட்டாள். ஐயோ, வேகம் காணாது! "கூட்டு! கூட்டு!" என்று அவளே கத்தினாள். பேர்பெச்சுவாவிடம் கற்ற தமிழ், அந்த அணி முழுக்க இப்போது அப்படித்தான் கத்தும். பேர்பெச்சுவா தன் முழுப் பாரத்தையும் தடியில் போட்டுத் தேய்த்தாள். மற்றப் பக்கம் ஒரு தபால்காரர் தேய்த்தார். கல் வீட்டுக்குள் நுழைந்தது. இன்னும் ஒரு முழம், ஒரு சாண். பொத்தானில் போய் நின்றது!

தபால்காரர் அவளைத் தூக்கிவிட்டார். மேலே பார்வையாளர் கண்ணாடிக்குப் பின்னால் யோசேப்பு துள்ளித் துள்ளி இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார்.

பேர்பெச்சுவாவுக்குத்தான் சிரிக்க முடியவில்லை. கல் வட்டத்துக்குள் நுழையும்போது, அந்த 'வீட்டு' வாசலில், அவளுடைய தடி அதில் பட்டிருந்தது. சத்தம்கூட இல்லை, கைக்கு மட்டும் தெரிந்தது. ஒருவரும் அதைக் காணவில்லை. சொன்னால் ஆட்டம் போகும். ஆட்டம் போனால் சனிக்கிழமைகளும் போகும், மாதாவாணை என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள். ஆனாலும் கையை உயர்த்தினாள்.

"எரிந்த கல். என் தடி பட்டது."

அந்தக் கல்லை அப்படியே விடுவதும் எடுப்பதும் டீற்றரின் விருப்பம். அவர் குனிந்து பார்த்தார், தாடியைச் சொறிந்தார், பிறகு கல்லைக் காலால் வெளியே தள்ளினார். ஒரு புள்ளியால் தோல்வி. எல்லாரும் கைகொடுத்தார்கள்.

வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். பேர்பெச்சுவா அப்பிள் சாற்றைத் தள்ளி வைத்தாள். யோசேப்பு பக்கத்தில் வரவும் இல்லை. தேடினால், மற்ற மேசையில் பியர்க் கிளாஸுக்கு அடியில் வைக்கிற மட்டைகளைக் கல்லாகப் பரப்பி வைத்துக்கொண்டு டீற்றரோடு ஜெர்மன் மொழியில் சண்டை! "பட்டது வாசலில்! படாவிட்டாலும் அது வந்திருக்கும்! விட்டிருக்கலாம்தானே!" டீற்றர் சிரித்துச் சிரித்து அவருக்கும் ஒரு பியர் எடுத்துக் கொடுத்தார்.

வெளிக்கிடும்போது பேர்பெச்சுவா மெல்லச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, நிண்டுகொள்ளுங்கோ. தடியை ஹைகேயிட்டக் குடுத்திட்டு வாறன்."

"எந்தத் தடியை?" யோசேப்பு அதைப் பறித்தார். "உமக்கென்ன விசரே? செப்டம்பரில திரும்பத் தொடங்குதாம். அந்தாளைச் சும்மா விடுறதோ?"

"தோத்தால் நிப்பாட்டச் சொன்னது நீங்கள்தானே?"

"ஆர் தோத்தது?"

ரெயினில் அவர் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தார், தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்தபடி. ரிக்கெற் பார்க்க வந்த பெண் தடியை ஒரு கணம் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னுடைய மனைவி கேர்லிங் ஆடுகிறவர்" என்றார் யோசேப்பு.