பள்ளத்தில் போட்ட கயிறு

என் எம்.எஸ்சி. ஆராய்ச்சி கல்யாணப் பேச்சுக்கு நடுவில்தான் நடந்தது. "பங்குனிக்குள்ள முடிச்சிரணும் மக்களே. சித்திரை பிறந்தா நான் யாரு பேச்சையும் கேக்க மாட்டேன்" என்று அப்பா தவணை வைத்துவிட்டார். அதற்குள் பேராசிரியர் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டத்துக்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

மணவாளக்குறிச்சிக் கருமணலை எரித்து, அந்த ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் படத்தகட்டில் பதித்திருந்தேன். விழுந்த கோடுகளின் கருமையை அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் ஒவ்வொரு தனிமமும் ஒரு மேடாக எழும்பும். எனக்கு வாய்த்ததோ ஒரு பெரிய மேடும், அதை ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன மேடும். சின்னதின் பரப்பைச் சொன்னால்தான் அந்தத் தனிமம் மணலில் எவ்வளவு என்று தெரியும். அடிவாரத்தில் இரண்டும் கலந்து கிடந்தன.

லீவுக்கு ஊருக்கு வந்து தாளை விரித்து வைத்துக்கொண்டு முழித்தேன். வயலிலிருந்து வந்த அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"இதுக்கா இம்புட்டு யோசன? களத்துல ரெண்டு வீட்டு நெல்லு கலந்து கிடந்தா என்னட்டி செய்வோம்? பள்ளத்துல கயித்தப் போட்டு, இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்குன்னு அள்ளுவோம்லா."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பள்ளத்தில் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு கிழித்துத் திருவனந்தபுரத்திலிருந்த பேராசிரியருக்கு அனுப்பினேன். 'சின்னது இவ்வளவு கொழுக்காது, திரும்பச் செய்' என்று சிவப்புப் பென்சிலில் எழுதித் திரும்பி வந்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அதற்குள் மாசியும் பாதி போயிருந்தது.

அன்று எங்கள் வீட்டுக் கும்பப்பூ நெல் அறுப்பு. அண்ணனோடு சண்டை பிடிக்கவே களத்துக்குப் போனேன். எங்கள் பெரிய குவியலை ஒட்டி, சித்தப்பாவை இழந்த சித்தியின் சின்னக் குவியல். நடுப் பள்ளத்தில் அண்ணன் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் குவியலின் ஒட்டாத பக்கத்தைப் பார்த்தேன். அந்தச் சரிவு எவ்வளவு தூரம் ஓடியிருந்ததோ, அவ்வளவு தூரம் இந்தப் பக்கமும் சித்தி நெல்லுக்கு அடியில் ஓடியிருக்கும் அல்லவா?

"அண்ணா, நம்ம நெல்லு அந்தப் பக்கம் போவுது!"

"மெள்ளப் பேசுட்டி" என்று பல்லைக் கடித்தான். "அது தெரியாமலா கயிறு போடுதோம்?"

சண்டை பிடிக்க வந்தது மறந்துபோனது. வீட்டுக்கு ஓடினேன். பெரிய மேட்டின் கலக்காத பக்கத்தை மெல்லிய தாளில் பிரதி எடுத்து, அதைப் புரட்டிக் கலந்த பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாகக் கழித்தேன். மிச்சத்தை வரைந்தபோது சின்ன மேடு தன் சொந்த உருவத்தில் தனியாக நின்றது. இவ்வளவுதானா இது என்று எனக்கே பாவமாக இருந்தது.

பங்குனி முடியுமுன் புதுத் தாள் பேராசிரியரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அப்பா அந்தத் தாளைக் கூடத்தில் எல்லாருக்கும் காட்டினார். அண்ணன் மட்டும் பழைய தாளையும் கேட்டு வாங்கி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் அள்ளிட்டியேட்டி" என்றான். "சின்னதுக்கு ஒரு பிடி விட்டிருக்கப்பிடாதா?"