தங்கையிடம் சொன்ன ஒரு வார்த்தை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஆமென் அக்கா என்று பெயர். பெரிய இயந்திரம் சுற்றி முடித்து நிற்கும்போதெல்லாம் அவள் வாய் தன்னையறியாமல் ஆமென் என்று சொல்லிவிடும். நாளடைவில் அவளை முந்திக்கொண்டு மற்றவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்டலுக்குச் சொன்னாலும் சொல்வது நல்ல வார்த்தைதானே என்பாள்.

கட்டிடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை அது. மேலே வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் வந்து விழும். இரத்தம் பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், பிறகுதான் வெந்நீர். வெளுத்துக் காய்ந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் அப்பளம் போல வந்து விழும். அதை மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அம்மா இறந்தபோது தங்கைக்குப் பால் பற்கள்கூட விழவில்லை. அக்காதான் தலை வாரினாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள், முழங்கால் போட்டு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தாள். தங்கைக்கு ஒரு வழி செய்துவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று இருந்தாள். வயதும் வரன்களும் கைகோத்துக்கொண்டு கடந்துபோய்விட்டன. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்வரிசையில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் போதும், வாரம் முழுக்கத் தெம்பாக இருப்பாள்.

தங்கையை ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தாள். வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு. அக்கா உபவாசம் இருந்தாள். ஜெபக்குழுவைக் கூட்டினாள். குழந்தை கட்டாயம் பிழைத்துவிடும், தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று எல்லாரிடமும் சொன்னாள். அறுவைச் சிகிச்சை மேசையிலேயே குழந்தை போய்விட்டது. இன்னும் நடக்கக்கூடப் பழகவில்லை.

அடக்கம் முடிந்த மாலையில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, தங்கை சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏன்க்கா? நாம கேட்டதுல என்ன குறை?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் நிச்சயமாகச் சொன்னவள் அவள். தான் நம்பியது பொய்யாகிவிடுமோ என்ற பயம் அவளுக்குள் இருந்தது. அந்தப் பயம்தான் பேசியது.

"உனக்கு விசுவாசம் பத்தலடி. ஆபரேஷனுக்கு முன்னாடி நாள் உக்காந்து அழுதியே, அப்பவே எனக்குத் தெரியும்."

தங்கை கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவள் ஆலயத்துக்கும் வரவில்லை, அக்கா வீட்டுக்கும் வரவில்லை. கல்யாணம், சாவு என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். அக்கா அதைப் பிடிவாதம் என்று எண்ணினாள். ஜெபக்குழுவில் வாராவாரம், வழிதவறிப்போன தன் தங்கை திரும்பி வர வேண்டும் என்று உரக்க ஜெபித்தாள். தான் சொன்னது தப்பு என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வருடங்கள் அப்படியே ஓடின.

ஒரு மழைக்காலத்தில் சலவைக்கூடத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஜெபக்குழுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். உருக்கமாக ஜெபித்தார்கள். கிளம்பும்போது, குழுவை நடத்தும் டீச்சரம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"காரணம் இல்லாம எதுவும் நடக்காதும்மா. எந்த இடத்துல தவறினோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

பழக்கத்தில் ஆமென் என்றுவிட்டாள். கதவு சாத்திய பிறகுதான் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. மேசை நிறைய எச்சில் தேநீர்க் கோப்பைகள். இடது கையால் கழுவப் போய் ஒன்று நழுவி உடைந்தது. தொட்டியடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை வலிப்பதை விட, தவறு செய்தாயா என்று கேட்டதுதான் வலித்தது. இதே பேச்சை, இதைவிடக் கூராக, பிள்ளையைப் புதைத்த கை ஈரம் காயாதவளிடம் பேசியவள் யார் என்பது அப்போதுதான் மெல்ல உறைத்தது.

மறுநாள் தங்கை வந்து நின்றாள். சலவைக்கூடத்து ஆள் ஒருவன் அக்கா விழுந்ததைப் பேருந்தில் அவள் கணவரிடம் சொல்லியிருக்கிறான். வந்தவள் நேரே தொட்டியடிக்குப் போனாள். கோப்பைகளைக் கழுவினாள், உடைந்ததைப் பெருக்கினாள், அக்காவின் துணிமணிகளை ஒரு பையில் அடுக்கினாள்.

"கிளம்புக்கா. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு இங்க என்ன பண்ணப்போற?"

தங்கை வீட்டுக்குப் பின்னால் கோரைப்புல் மண்டிய குளம் ஒன்று இருந்தது. காலையில் தங்கை அக்காவைப் பின்கட்டுப் படியில் உட்காரவைத்துத் தலைவாரிவிடுவாள். சிக்கை இழுக்காமல் நுனியிலிருந்து எடுப்பாள். அப்படித்தான் அக்கா அவளுக்கு வாரிப் பழக்கியிருந்தாள். ஓட்டுநர் வேலைக்குப் போகுமுன் ரொட்டியைத் துண்டு துண்டாக்கி அக்காவின் இடது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போவார். ஒரு காலையில் தங்கையைக் காணாமல் அவரிடம் விசாரித்தாள்.

"இன்னிக்கு அவ ஆஸ்பத்திரி போற நாளாச்சேக்கா. குழந்தைங்க வார்டுல பிள்ளையத் தூக்கி வச்சுக்குவா, அம்மாக்காரிங்க குளிச்சுச் சாப்பிட்டு வர வரைக்கும். ரொம்ப வருஷமாப் போறா. அங்கயே வேலை பாக்கற உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்த வார்டுத் துணியைத்தான் அவள் அத்தனை காலமும் கீழே வெளுத்துக்கொண்டிருந்தாள். படியேறி ஒருநாளும் மேலே போனதில்லை.

இரவெல்லாம் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த ஒரு விடியலில், குளத்தில் ஒரு நீர்க்கோழி கத்திக்கொண்டே சுற்றியது. முந்தின நாள் அதன் பின்னால் கோத்துவிட்ட மாதிரி குஞ்சுகள் நீந்தின. இப்போது ஒன்றுகூட இல்லை. ஆண் நீர்க்கோழி அதன் பக்கத்திலேயே ஓசையில்லாமல் நீந்தியது. அது திரும்பினால் இதுவும் திரும்பியது. கூடு கட்டிய இடம் சரியில்லை என்று அதனிடம் சொல்ல அந்தக் குளத்தில் யாருமில்லை. தங்கையிடம் தலையைக் கொடுத்தபடி அக்கா படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆண்டவர் அன்று மாலை அந்தச் சமையலறையில் இருந்திருந்தால் இப்படித்தான் பக்கத்தில் நின்றிருப்பார் என்று தோன்றியது. அவர் நின்றிருக்கவும் கூடும். தன் குரல்தான் அவரை மறைத்திருக்கும்.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி. என்னாலதான் நீ கடவுளையே விட்டுட்ட."

தங்கை சீப்பிலிருந்து முடியை உருவிக்கொண்டிருந்தாள்.

"கடவுள்கிட்ட பேசறத நான் நிறுத்தலக்கா. தினமும் இந்தப் படியிலதான் பேசறேன். உன்கிட்டதான் நிறுத்தினேன்."

முடியைச் சுருட்டி எறிந்துவிட்டு அவளே மறுபடி பேசினாள். "மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. ஆனா பாப்பாவப் பத்திப் பேச எனக்கு ஆளில்லாமப் போச்சு. அவருக்குப் பேசினா தாங்காது. நீ ஒருத்திதான் இருந்த."

அக்கா குழந்தையின் சிரிப்பை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். முகம் வந்தது, சத்தம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு சிரிக்குமா, திறந்தா என்று தங்கையிடம் கேட்க வேண்டியிருந்தது. தங்கை சொன்னாள். சொல்லச் சொல்ல இருவரும் அழுதார்கள். ஆனாலும் சில விஷயங்கள் தங்கைக்கே மறந்துபோயிருந்தன. அப்போதே உட்கார்ந்து பேசியிருந்தால் அவையும் தங்கியிருக்கும்.

கை கூடியதும் அக்கா வேலைக்குத் திரும்பினாள். உருளை இயந்திரத்தில் விரிப்பைப் பிடிக்க அந்தக் கைக்கு வலுவில்லை, மடிப்பு வேலை மட்டும்தான். ஜெபக்குழுவில் தங்கையின் பெயரை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்ட டீச்சரம்மாவிடம், அவள் எங்கும் போகவில்லை, நான்தான் போயிருந்தேன் என்றாள். தங்கை ஆலயத்துக்கு வரவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. ஆராதனை முடிந்ததும் பேருந்து ஏறி அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

குழந்தையின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தங்கை அன்று ஜெபிக்கச் சொல்லிக் கேட்டாள். கூட்டத்தில் நிறுத்தாமல் ஜெபிக்கிற அக்கா, கண்ணை மூடி அப்பா என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"போதும்க்கா," என்றாள் தங்கை.

தூறல் விழத் தொடங்கியது. கொடியில் துணி கிடந்தது. இருவரும் எழுந்து எடுக்கப் போனார்கள்.