பாம்பு பிடித்த கை

உத்திரமேரூர் போகும் சாலையில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அக்கா இட்லிக் கடை போட்டாள். நாங்கள் இருளர். ஊரில் எங்களைத் தேடி ஆள் வருவது வயலில் எலி பிடிக்கவும் வீட்டில் பாம்பு பிடிக்கவும்தான். இட்லிக்கு எவன் வரப்போகிறான் என்று முதலில் சிரித்தவள் நான். பழங்குடிப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வந்த தொண்டு நிறுவனத்து மேடம் அடுப்பும் இட்லிப் பானையும் கொடுத்தார். தலைக்குத் தொப்பி போடச் சொன்னார், கைக்கு உறை போடச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள். நான் தட்டு வைத்துப் பரிமாறினேன்.

முதலில் சாப்பிட்டவர்கள் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள். பஸ் வருவதற்குள் விழுங்குகிறவனுக்கு இது யார் அவித்த இட்லி என்று கேட்க நேரம் ஏது? பிறகு கழனிக்குப் போகிறவர்கள் வந்தார்கள். கடைசியில் நிலம் நீச்சு உள்ள பெரிய வீட்டிலிருந்தே பார்சல் கேட்டு ஆள் வந்தது. அன்றைக்கு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலை, கூட்டமான நேரத்தில், அந்த வீட்டம்மாவே வேகவேகமாக வந்தார்.

"ஏ பொண்ணே, மோட்டார் கொட்டாயில நல்ல பாம்பு பூந்துக்கினு கீது. சீக்கிரம் வா."

"கடையில ஆளுங்க நிக்கிறாங்கம்மா. எங்க வூட்டுக்காரரு வந்ததும் அனுப்புறேன்."

"அதுவரிக்கும் பாம்பு ஒக்காந்துக்கினு இருக்குமா? எங்க கழனி வழியாதான நீங்க வூட்டுக்குப் போறீங்க? நெனப்பு இருக்கட்டும்."

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் வீடுகளுக்கு அவர்கள் வரப்பை விட்டால் வேறு வழி கிடையாது. அக்கா கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் தட்டோடு வேடிக்கை பார்க்கப் போனார்கள். அவள் பாம்பைப் பிடித்துச் சாக்கில் விட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

திரும்பி வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். புதுக் கையுறை மாட்டினாள். அப்போது வீட்டம்மா கடைக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாம்பப் புடிச்ச கையி. அதால அவிச்ச இட்லிய எப்பிடித் துன்றது? நெனச்சாலே கொமட்டுது."

சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் தட்டுகளைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் கம்பெனிப் பிள்ளைகள் செல்போனைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், தள்ளிப் போய் நின்றார்கள். மாவு புளித்துப் பொங்கியது. கீழே கொட்ட மனம் வராமல் எங்கள் பிள்ளைகளுக்கே தோசை வார்த்துப் போட்டாள். அவர்கள் குதித்துக் குதித்துத் தின்றார்கள். அவளால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மேடம் வந்து, வேறு ஊரில் கொடுக்கப்போவதாகச் சொல்லி அடுப்பையும் பானையையும் ஏற்றிக்கொண்டார்.

"உங்க ஆளுங்களுக்கு எதைக் கொடுத்தாலும் நிலைச்சு நின்னு செய்ய மாட்டேங்கிறீங்க" என்றார்.

நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தோம். ஆனாலும் இதைச் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் அதே வீட்டில் மறுபடியும் பாம்பு வந்தது. இந்த முறை பேரக்குழந்தை தூங்கிய தூளிக்குக் கீழே. ஆள் ஓடி வந்தது.

"போவாதக்கா" என்றேன்.

"கொழந்த இன்னாடி பண்ணிச்சு?" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தாள். பின்னாலேயே போய் நான் வாசலில் நின்றேன்.

பாம்பைச் சாக்கில் போட்டுக் கட்டியதும், வீட்டம்மா குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அக்காவின் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் இன்னும் கை கழுவியிருக்கவில்லை.

"இது கை இல்லடி, தெய்வம்" என்று அழுதார்.

எனக்கு அந்தப் பாம்பின் மேல்தான் ஆத்திரம் வந்தது. வந்ததுதான் வந்தது, அந்த அம்மாவை ஒரு கொத்துக் கொத்தாமல் சாக்குக்குள் அடங்கிப் போய்விட்டதே என்று.