பீரோ மாடி ஏறிய நாள்

எங்கள் வீட்டில் பீரோ கதவைச் சாத்த வேண்டுமானால், பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும். இது அப்பா போட்ட சட்டம். கிரைண்டரைப் போடுவதற்கு முன்பும், வாடகை வேனின் கதவை இழுத்து மூடுவதற்கு முன்பும் "கை காட்டு!" என்று குரல் வரும். அம்மா மாவுக் கையைத் தூக்குவாள். நான் பென்சில் பிடித்த கையைத் தூக்குவேன். அப்பா ஒவ்வொரு கையாகப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் எதுவும் நடக்கும். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா, குடிநீர்க் குழாய் பதிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. நான் நிமிர்ந்து நடந்து போகும் அளவுக்குப் பெரிய இரும்புக் குழாய்கள் அவை. திருமழிசைப் பக்கமும் பூந்தமல்லிப் பக்கமும் சாலையோரம் பள்ளம் தோண்டி, கிரேனில் தூக்கி இறக்குவார்கள். ஒருமுறை பட்டாபிராமில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே வேலை நடந்தது. கிரேன் தூக்கத் தொடங்கும் முன் அப்பா கத்தினார். குழாயைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் கையுறை போட்ட கைகளை மேலே உயர்த்தினார்கள். ஒரு கை குறைந்தாலும் கிரேன் அசையாது. தூக்கிய குழாயை யாரும் கையால் தொடவும் கூடாது, கயிறு கட்டித்தான் திருப்ப வேண்டும். கல்யாண மோதிரத்தோடு வேலைக்கு வந்தவனை, புதுமாப்பிள்ளை என்றும் பாராமல், கழற்றி வைத்துவிட்டு வா என்று வீட்டுக்கே திருப்பி அனுப்பியவர் அப்பா.

பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஞாயிறு தவறாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் எதிர்வீட்டு அக்கா என்னை மடக்கி, "இன்னாடி, உங்க நைனா கிரேனுக்கு ஜெபம் பண்றாராமே?" என்பார். எனக்கு மானம் போகும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அவ்வளவு பெரிய ஆட்கள், அப்பா ஒரு சொல் சொன்னதும் கையைத் தூக்குகிறார்களே!

அம்மாவின் அண்ணன் குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். எப்போதாவது பஸ் பிடித்து எங்களைப் பார்க்க வருவார். மாமாவின் வலது கை எந்நேரமும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். பாக்கெட் நிறைய மிட்டாய் வைத்திருக்கிறார், நான் பிடுங்கிவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது என் கணக்கு. ஆனால் எனக்குக் கிடைக்கும் மிட்டாய் என்னவோ சட்டைப் பையிலிருந்துதான் வரும், அதுவும் இடது கையால். நான் இடது கையால் ஒரு டம்ளரை நீட்டினால் அம்மா மணிக்கட்டிலேயே ஒன்று போடுவாள். அண்ணன் நீட்டினால் வாயே திறக்கமாட்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று தமிழ் டீச்சர் சொன்னபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டதும் கிடையாது. "இப்பதாம்மா துன்னுட்டு வரேன்" என்பார். அம்மா டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். அப்பாவோ, மாமா வந்தால் பால் வாங்கிவருகிறேன் என்று கிளம்பிவிடுவார். வீட்டில் பால் இருந்தாலும் கிளம்புவார். இருவருக்கும் சண்டை என்று யாரும் சொன்னதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அதே தெருவில் ஒரு மாடி வீட்டுக்கு மாறினோம். மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. பீரோ நுழையவில்லை. அது சாதாரண பீரோ அல்ல, அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி மாடிக்கு இழுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்து, தன் ஆட்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். பீரோ பத்திரமாக ஏறுவதைப் பார்க்க மாமாவும் வந்திருந்தார்.

எனக்கும் அன்று ஒரு உத்தியோகம் கிடைத்தது. அப்பா என்னைப் படியின் திருப்பத்தில், கீழே எல்லாரும் தெரியும் இடத்தில் நிறுத்தினார். "கீழ இருக்கற எல்லார் கையும் தெரியுதான்னு பாரு. ஒரு கை தெரியலன்னாலும் நிறுத்துன்னு கத்து. யாரா இருந்தாலும் சரி." இப்படி ஒரு அதிகாரம் கிடைத்த குழந்தை சும்மா இருக்குமா?

மாடியில் அப்பாவின் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே, பீரோவுக்குப் பக்கத்தில் மாமா நின்றார். அப்பா குரல் கொடுத்தார். "கை காட்டு!"

அம்மா தூக்கினாள். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் தூக்கினார்கள். வீட்டுக்கார அம்மாள்கூடச் சிரித்துக்கொண்டே தூக்கினார். மாமா இடது கையை மட்டும் தூக்கினார். அப்பாவின் கண் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, மாமாவை மட்டும் தாண்டிப் போனது. மேலிருந்து பார்த்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"நிறுத்து!" என்று கத்தினேன். "மாமா ஒரு கைதான் காட்னாரு!"

 அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடுடி" என்றாள். நான் விடவில்லை. "யாரா இருந்தாலும்னு அப்பாதான சொன்னாரு?"

மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேஸ்திரி, கவுற புட்ச்சிகினு கீறோம். இஸ்துக்கவா, வேணாவா, சொல்லு!"

 அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமாதான் முதலில் சிரித்தார். "கொயந்த கரீட்டா தான் கேக்குது" என்று சொல்லி, பாக்கெட்டிலிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்து உயர்த்தினார். அதில் கட்டைவிரல் இருந்தது, சுண்டுவிரல் இருந்தது. நடுவில் விரல்களே இல்லை. அந்த இடத்தில் தோல் மட்டும் வழவழவென்று மின்னியது. உண்மையைச் சொன்னால், மிட்டாய் இல்லையே என்ற ஏமாற்றம்தான் எனக்கு முதலில் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

"மாப்ள, இங்க பாரு."

அப்பா நிமிரவில்லை.

"பாரு மாப்ள. பாத்தாதான தூக்க முடியும்? உன் ரூல்ஸு தான இது?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மேலே இருப்பவர்களுக்குச் சைகை கொடுக்க வேண்டிய கை பாதி எழும்பி, அப்படியே தொங்கிவிட்டது. பிறகு மாமாவே மாடியைப் பார்த்தார். தூக்கு என்பதற்கு அவர்கள் தொழிலில் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றுவார்கள். மாமா முழுக் கையையும் சுழற்றினார். ஆட்களுக்குப் புரிந்துவிட்டது. பீரோ ஒரு கீறல்கூட விழாமல் மாடி ஏறியது. அப்பா பீரோவைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாகக் கண்டுபிடித்ததற்கு அப்பா என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, துணி மடித்துக்கொண்டே அம்மா ஒருநாள் சொன்னாள். மாமாவும் அப்பாவோடு குழாய் வேலைதான் பார்த்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, குழாய்க்கும் அடியில் வைக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் மாமாவின் கை இருந்த நேரத்தில் கிரேன் குழாயை இறக்கிவிட்டது. "கிரேன்காரனுக்கு சைகை காட்னது உங்க அப்பாதான். வேல முடியணும்னு அவசரம். அண்ணன் கைய பாக்கல" என்றாள். ஆபீஸிலிருந்து வந்து விசாரித்தபோது, தானே தெரியாமல் கையை உள்ளே விட்டுவிட்டதாக மாமா சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு வந்ததுதான் அப்பாவின் சட்டம். ஊரார் கையெல்லாம் பார்த்த அப்பா, அந்த ஒரு கையை மட்டும் பார்க்கத் துணியாமல் அத்தனை வருஷம் பால் வாங்கப் போயிருக்கிறார். 

பீரோ ஏறிய அன்று மத்தியானம் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? புது வீட்டின் தரையில் செய்தித்தாள் விரித்து, எல்லோருக்கும் அம்மா தக்காளிச் சோறு போட்டாள். மாமா வழக்கம்போல, "இப்பதாம்மா துன்னுட்டு" என்று ஆரம்பித்தார்.

"உக்காரு மச்சான்" என்றார் அப்பா.

மாமா உட்கார்ந்தார். வலது கையால்தான் சாப்பிட்டார். இரண்டு விரலில் சோறு நிற்கவில்லை, ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் செய்தித்தாளில் சிந்தியது. ஒரு பருக்கை சிந்தினாலும் என்னை முறைக்கிறவர் அப்பா. மாமாவுக்கு எப்போது திட்டு விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.  பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, மாமா கையிலிருந்து விழுந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். எங்கள் வீட்டில் ஒருவர் எச்சிலை ஒருவர் தொடமாட்டோம், நான் கடித்த மிட்டாயைக்கூட அப்பா வாங்கித் தின்றதில்லை.

சோறு வீணாவது அப்பாவுக்கு அவ்வளவு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.