இடது கைக்கு வளையல் இல்லை

பிளஸ் டூ படித்த வருடம் என் கழுத்தில் இருந்த டயாலிசிஸ் குழாய்க்குப் பதிலாக, இடது கையைத் தயார் செய்தார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைப்பார்கள். பிஸ்டுலா என்று பெயர். ரத்தம் வேகமாகப் பாய்ந்து பாய்ந்து அந்த நரம்பு தடித்துப் பருக்கும். அதில்தான் ஊசி போட வேண்டும். மேலே விரலை வைத்தால் வைப்ரேட்டில் போட்ட செல்போன் மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். காலையில் கண் விழித்ததும் நான் முதலில் தொட்டுப் பார்த்தது அதைத்தான். உறுமினால் நிம்மதி. நின்றுவிட்டால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மறுபடி ஆபரேஷன், மறுபடி கழுத்தில் குழாய்.

கழுத்துக் குழாயோடு நான் பட்ட பாடு போதும் போதும் என்றாகியிருந்தது. தலைக்குக் குளிக்க முடியாது. இஷ்டத்துக்குத் திரும்பிப் படுக்க முடியாது. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுப் பின் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், ஓசூர் குளிர் உனக்கு மட்டும்தானா என்று கேட்பார்கள். இரண்டு முறை அதில் கிருமி புகுந்து, பல் தந்தியடிக்க ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதனால் கையில் தையல் பிரித்த பிறகு, நரம்பு தடிக்க வேண்டுமென்று ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கெமிஸ்ட்ரி வகுப்பில் டெஸ்குக்கு அடியில், டவுன் பஸ்ஸில், டிவி பார்க்கும்போது, எப்போதும் பிசைந்தேன். முதல் முறை ஊசி போட்ட டெக்னீஷியன் அண்ணன் அசந்துபோய், "இந்த யூனிட்லயே உன் நரம்புதான் சூப்பர்" என்றார். அங்கே படுத்திருந்தவர்களில் நான்தான் வயதில் சின்னவள். பக்கத்துப் படுக்கை மாமா, "எனக்கு ஒரு நரம்பு கடன் கொடு பாப்பா" என்பார். மார்க் வாங்கிய கர்வத்தோடு படுத்திருப்பேன்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. வெயிட் தூக்கக் கூடாது. வாட்ச் கூடாது, வளையல் கூடாது.

இதெல்லாம் வீட்டுக்குள்தான். வெளியே யாராவது கேட்டால் அம்மா, "கை சுளுக்கு" என்பாள். அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களில்தான் எனக்கு இது வந்தது. நோய் இருக்கிற வீட்டில் பெண் எடுத்துவிட்டோம் என்று அக்காவின் மாமியார் நினைத்துவிடுவாரோ என்ற பயம் அம்மாவுக்கு. மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, விஷயம் தெரியும்; அவருடைய அம்மாவுக்குத் தெரியாது. அப்பா பாக்டரி ஷிப்ட் முடிந்து வந்து, "எத்தனை நாளைக்கு மறைப்ப?" என்று கேட்பார். "பேரன் பேத்தி பொறக்கட்டும்" என்பாள் அம்மா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அக்கா என்று வந்துவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அக்காவுக்கு வளைகாப்பு, வேப்பனப்பள்ளியில் மாமியார் வீட்டில். மாந்தோப்பில் பூ எடுத்திருந்த சமயம். டயாலிசிஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மாமாதான் நாள் குறிக்க வைத்திருந்தார். நாங்கள் வளையலும் பூவும் கட்டுச்சாதமுமாக வேன் பிடித்துப் போனோம். போகும் வழியிலேயே அம்மா என் காதில் ஓதிவிட்டாள்: "வளையல் போடறப்ப நீ சமையக்கட்டுப் பக்கம் போயிடு."

போகத்தான் எழுந்தேன். அக்காவுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் போட்டு முடித்திருந்தார்கள். அடுத்து வந்திருக்கும் பெண்களுக்குப் போட வேண்டும். என் அத்தை, அப்பாவின் அக்கா, கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பிடித்து இழுத்தார். "கூடப் பொறந்தவ நீ, நீதான மொதல்ல போட்டுக்கணும்? எங்க ஓடற?"

வளையல்காரம்மா முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டினேன். "போதும்த்தை, இந்தக் கைக்கு மட்டும்" என்றேன்.

"ஒத்தக் கைய மொட்டையா வெச்சிக்கினு நிக்கறதா? நல்ல நாளும் அதுவுமா? சுளுக்குதான, வலிக்காமப் போடுவாங்க" என்று சொல்லி, அத்தை என் இடது முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வளையல்காரம்மா விரல்களைக் குவித்து, சோப்பு நுரை தடவி, கட்டை விரலை உள்ளே மடக்கினார். சின்ன சைஸ் வளையல். என் மணிக்கட்டுக்கு அது போனால் சரியாகத் தையல் தழும்பின் மேல் உட்காரும். அத்தையின் பிடியில் என் கைக்குள் உறுமல் மங்கிக்கொண்டே போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததே இல்லை.

அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டுகிறாளா, சொல்லிவிடு என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. அம்மா கண்ணால் கெஞ்சினாள்.

"விடுங்க!" என்று கத்திக் கையை உருவினேன். வளையல் விரல் முட்டியில் இடித்துப் படக்கென்று உடைந்தது.

வளைகாப்பு வீட்டில் வளையல் உடையலாமா? யாரோ "சிவ சிவா" என்றார்கள். நான் முதலில் கையைத் தொட்டுப் பார்த்தேன். உறுமல் திரும்பியிருந்தது. அதன் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"சுளுக்கெல்லாம் இல்ல. எனக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யறதில்ல. டயாலிசிஸ் பண்றேன். இதுல வளையல் போட்டா அடைச்சுக்கும். இது அடைச்சா மறுபடியும் ஆபரேஷன்தான்" என்றேன். அழவில்லை. அழாததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அக்காவின் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். தோப்பில் ஆட்களை வேலை வாங்கிப் பழகிய மனுஷி. வீட்டுக்குள் தெலுங்கு பேசினாலும் எங்களிடம் தமிழ்தான். அம்மாவைப் பார்க்காமல் என்னிடமே கேட்டார். "இது குடும்பத்துல வர்றதா?"

"இல்லைங்க. டாக்டர்கிட்ட அப்பவே கேட்டாச்சு. அக்காவுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு. அவளுக்கு ஒண்ணுமில்ல."

"காட்டு கைய."

நீட்டினேன். தழும்பின் மேல் இரண்டு விரலை வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். "அடேயப்பா, பம்ப்செட்டாட்டம் ஓடுதே!" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "சம்பந்தியம்மா, எங்கிட்ட மறைச்சதுக்கு உங்கமேல எனக்குக் கோவம் இருக்குது. அத அப்புறம் பேசிக்கலாம். வளையல்காரம்மா, அந்தக் கைய விட்டுடு."

"அப்ப ஒத்தக் கைக்கா?" என்று இழுத்தார் அத்தை. பாவம், கண்ணெல்லாம் கலங்கி நின்றார். தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டார்.

"ரெண்டு கைக்கு உள்ளதையும் இதுலயே போடுங்க" என்று வலது கையை நீட்டினேன். முழங்கை வரைக்கும் ஏறியது. பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் இடது கையைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்க நிற்கிற மாதிரி ஒரு வரிசை. "மெதுவா, அழுத்தாதீங்க" என்று அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்ப்பிணியான அக்காவை அரை மணி நேரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் சிரித்துக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அம்மா மட்டும் பக்கத்தில் வரவில்லை. பந்தியில் கட்டுச்சாதம் பரிமாறப் போய்விட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை. அக்காவுக்குக் கெடுதல் ஆகவில்லையே என்ற நிம்மதியை, அம்மாவைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டோமே என்ற வருத்தம் தின்றுகொண்டிருந்தது.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது பர்கூரிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருத்தர் தாமதமாக வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக என் கைதான் கண்ணில் பட்டது. "என்னாடி இது, ஒரு கை நெறைய இருக்குது, ஒரு கை மொட்டையா இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்தக் கைக்கு வளையல் கிடையாது. எம்பொண்ணு டயாலிசிஸ் பண்றா. வாரத்துல மூணு நாளு அங்க, மிச்ச நாளு ஸ்கூலு. இந்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை எழுதறா."

மொத்தப் பந்தியும் திரும்பிப் பார்த்தது. அம்மா கரண்டியோடு நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"ஐயோ, பாவமே" என்று வந்தவர் நெஞ்சில் கை வைத்தார்.

"பாவம் என்னா பாவம்?" என்றாள் அம்மா. "தொட்டுப் பாருங்க."