நாலாம் அத்தியாயம்

என்னிடம் ஒரு ஆங்கில நாவல் இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களின் ஓரமெல்லாம் விரல்பட்டுக் கறுத்திருக்கும். அதற்கப்புறம் வெகுநாள் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் கிடந்தது. தங்கையின் கல்லூரிப் பாடம் அது; பரீட்சைக்கு அந்த மூன்று அத்தியாயங்கள்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான் அப்போது சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திருத்தணியில் ரயில் ஏறி அவள் கல்லூரிக்கு இறங்கும் வரை இரண்டு பேரும் அதைத்தான் படிப்போம். ஒரு பாடம் போனாலும் படிப்பை நிறுத்தி, நகரியில் இருக்கும் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவதாக எங்கள் நைனா சொல்லியிருந்தார். மாமன் மகனான அந்தப் பாவாவின்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. படிக்க ஆசை, அவ்வளவுதான்.

கதை, மதில் சூழ்ந்த ஒரு நகரத்தில் நடக்கிறது. பதினாறு வயதான பெண்களை ஊர் நடுவே உட்காரவைத்து மொட்டையடிக்கிறார்கள். மேளம் முழங்குகிறது, பெற்றவள் அழுகிறாள். மலைக்கோயிலில் தினம் மொட்டை பார்த்து வளர்ந்த எனக்கு இதில் என்ன சந்தேகம்? வேண்டுதல் என்றேன். அம்மா வடிப்பது ஆனந்தக் கண்ணீர் என்றேன். தங்கைக்கு மட்டும் ஒன்று உறுத்தியது.

“அந்தப் பொண்ணு கைய ஏன்க்கா கட்டிப் போட்டுக்கிறாங்க?”

“கத்தி படக்கூடாதுன்னுதான். நம்ம ஊர்ல கொழந்தைய அமுக்கிப் புடிக்கல?”

அகராதி என் பையிலேயே இருந்தது. அதை எடுக்காதது சோம்பல்கூட இல்லை, திமிர்.

நான் சொன்னதை நம்பி, பக்தியையும் தாயின் சந்தோஷத்தையும் இரண்டு பக்கம் எழுதிவைத்தாள். தேறவில்லை. இன்னொரு தரம் எழுதட்டும் என்று நைனாவிடம் கெஞ்சினேன். நீ சொல்லிக் கொடுத்தது போதும் என்றுவிட்டார். தை மாதம் கல்யாணம். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாலி ஏறும்போது மேளம் முழங்கியது, அம்மா அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

போன ஆடிக் கிருத்திகைக்கு மகளுக்கு முதல் மொட்டை போட மலைக்கு வந்தாள். மாமன் மடியில் உட்காரவேண்டிய குழந்தை, எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் என் மடியில் உட்கார்ந்தது. வீறிட்டு அழுத அதன் கைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். தங்கை என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பொண்ண யாருமே கேக்கலக்கா. அதான் அந்தக் கதை. எனக்கு இப்பதான் புரியுது.”

குழந்தையின் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டே, நாலாவது அத்தியாயத்தில் அவள் என்ன ஆகிறாள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் நகரிக்கு பஸ் ஏறிய பிறகு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் தப்பித்து மதில் தாண்டிவிடுகிறாள். கைக்கட்டை அவிழ்த்துவிடுகிறவள் அவளுடைய அக்கா.

தங்கை போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறாள். இன்னும் படிக்கவில்லை என்கிறேன். புத்தகத்தில் இப்போது நாலு அத்தியாயங்களின் ஓரம் கறுத்திருக்கிறது.