கம்பி கட்டிய தாடைக்கு ஆப்பிள்

உப்பு லாரியில் மூடைகளுக்கு மேல் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, நான் தலைகுப்புற விழுந்தேன். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. டாக்டர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, சாப்பாடெல்லாம் ஸ்ட்ரா வழியாகத்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாளே ஆட்கள் பார்க்க வந்தார்கள். எல்லோர் கையிலும் ஆப்பிள். எங்கள் பக்கத்தில் கால் ஒடிந்தவனுக்கும் ஆப்பிள்தான், பிள்ளை பெற்றவளுக்கும் ஆப்பிள்தான். படுத்திருப்பவனுக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போக ஒருவருக்கும் தோன்றாது. குனிந்து என் வாய்க் கம்பியைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், பிறகு பையை என் மடியில் வைப்பார்கள்.

தெருமுனை டீக்கடைக்காரர், "நல்லா கடிச்சுச் சாப்பிடுங்க அண்ணாச்சி, சத்து" என்றார்.

"கடிக்கத்தான முடியல அவியளுக்கு" என்றாள் என் மனைவி.

"அப்ப வெட்டிக் குடும்மா."

இவர் கடையில் பத்து வருடமாக டீ குடித்திருக்கிறேன்.

மனைவி ஒன்றை மிக்ஸியில் போட்டு அரைத்துத் தந்தாள். அது கறுத்துப்போய் ஸ்ட்ராவை அடைத்துக்கொண்டது. பருப்புத்தண்ணீரும் கஞ்சித்தண்ணீருமாகப் பத்து நாள் ஓடியது. மூடை தூக்குகிறவன் வயிற்றுக்கு அது எம்மாத்திரம்? பசியில் காது அடைத்தது. ஆப்பிளோ ஃப்ரிட்ஜ் மேலும் கட்டிலுக்கு அடியிலும் குவிந்து கிடந்தது.

அப்போதுதான் அத்தான் வந்தார். அக்காவின் புருஷன், சரக்குக் கப்பலில் சமையல்காரர். லீவில் வந்தால் எந்த வீட்டு அடுப்பையும் சும்மா விடமாட்டார்.

"ஏளா, தள்ளு. ஆப்பிள் சாஸ் போடுதேன். கப்பல்ல வெள்ளக்காரன் பன்னிக்கறிக்குத் தொட்டுக்கிடுவான். மாப்ள அப்படியே உறிஞ்சலாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தோலும் விதையும் நீக்கி, சிறிது தண்ணீர் விட்டு வேகவைத்தார். மசித்து, சல்லடையில் தேய்த்து, எலுமிச்சை பிழிந்தார். வீட்டில் இருந்த காலி ஜாம் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுச் சூடாக ஊற்றி மூடினார். பெரிய பானையின் அடியில் துணி விரித்துப் பாட்டில்களை முக்கிக் கொதிக்கவைத்தார். குற்றம் சொல்ல முடியாத வேலை. இவ்வளவையும் பக்கத்து வீட்டுப் பெண் ஃபோனில் படம் பிடிக்க வேண்டும். மூடி தெரியவில்லை என்றால் மறுபடியும் மூடிக் காட்டுவார்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துத் தின்றார்கள். "அருமை" என்றார்கள். நல்ல வாய் உள்ளவர்கள்.

"அண்ணே, அவியளுக்கு ஒரு பாட்டில் எடுக்கட்டா?" என்றாள் மனைவி.

"தொடாத! ஆறணும். மூடி டக்குன்னு உள்வாங்கும். அப்புறம் ஒரு வருசம் கெடாது."

எனக்கு ஒரு வருடம் வேண்டாம், அன்று மத்தியானம் போதும். ஆனால் யார் கேட்டார்கள்? எல்லோரும் பாட்டில்களைச் சுற்றி உட்கார்ந்து, மூடி உள்வாங்கும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு டக்குக்கும் கைதட்டல். எனக்குப் பருப்புத்தண்ணீர் வந்தது.

மறுநாள் காலை அத்தான் அட்டைப்பெட்டியோடு வந்தார். "இது வேம்பார்ல தங்கச்சிக்கு. இது எங்க கப்பல் கம்பெனி மேனேஜருக்கு. இது ரெண்டும் அக்கா கேட்டா." பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் இறங்கின. கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. அவரை மட்டும் குறை சொல்வானேன்? வாய் நன்றாக இருந்த காலத்திலும் எனக்கு இது வேண்டும் என்று ஒரு சபையிலும் நான் கேட்டதில்லை. எடுத்துக்கொண்டு போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதே என் பழக்கம், அதற்கு அடக்கம் என்று பெயர் வேறு.

எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். மூடி இளகவில்லை. கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். புஸ் என்றது.

"ஏலே! சீல் போச்சேடா!"

ஸ்ட்ராவைப் போட்டு, நின்றபடியே உறிஞ்சினேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பிள்ளைக்கு ஊட்டும் கூழ் மாதிரி ஒரு சவசவப்பு. இதற்கா கைதட்டினார்கள்? பாட்டில் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

"மேனேஜருக்கு வச்சதுல்லா அது" என்றார் அத்தான்.

"மேனேஜருக்கு வாயில கம்பியா கட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, மனைவி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அதிலிருந்து அடுத்ததை எடுத்தேன்.